சக்கரம் பூட்டாத கார்

ஒரு பொருளை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று அந்தப் பொருளையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற வசதி வந்த பிறகு, நாட்டில் பாதிப் பேருக்கு நிம்மதி போயிற்று. மீதிப் பேரில் என்னைப் போன்ற சிலருக்கு வேலை கிடைத்தது.

என் பெயர் குமரகுரு. கொடுங்கையூர் குப்பைமேட்டைத் தோண்டிக் காலி செய்கிற திட்டத்தில் மூலப் பரிசோதகன். என் மேஜையில் இருக்கும் கருவிக்குத் 'தடம்' என்று பெயர். பார்க்க ஒரு பெரிய இட்லிப் பானை மாதிரிதான் இருக்கும். பொருளை உள்ளே வைத்து மூடினால், உலோகம் எந்த இடத்தில் எவ்வளவு விசையில் வளைந்தது, பெயின்ட் எத்தனை பூச்சு, எது காய்வதற்கு முன்னால் எது மேலே விழுந்தது என்று அடுக்கடுக்காகப் பிரித்துச் சொல்லிவிடும். தகரத்தை ஒரு முறை அடித்தால் போதும், அந்த அடி அதற்குள் அப்படியே தங்கிவிடுகிறது. தடம் அதைப் படிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 2047இல் சட்டம் என்னவென்றால், குப்பைமேட்டில் கிடைக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எந்தப் பொருளையும் உலைக்கு அனுப்பும் முன் படித்துவிட வேண்டும். ஈயம், பாதரசம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த சட்டம். போகிற போக்கில் பொருளின் வரலாறும் வெளியே வந்துவிடும். அதைப் பொதுப்பட்டியலில் முப்பது நாள் போடுவோம். யாராவது உறவு சொல்லிக்கொண்டு வந்தால் கொடுப்போம். வராவிட்டால் உலை.

வெளி ஆட்களும் பொருள்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பரம்பரை வெண்கலக் குத்துவிளக்கு என்று மூன்று அண்ணன் தம்பிகள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டபடி ஒன்றை எடுத்து வந்தார்கள். உள்ளே வைத்துப் பார்த்தால் இரும்பு, மேலே முலாம், வயது பதினெட்டு. ஒரிஜினல் விளக்கை விற்றுவிட்டு இதை வைத்த மூத்தவரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மறைத்தவர்கள் மாட்டிக்கொள்ளும்போது அந்த முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. தப்புதான், ஆனால் உண்டு.

அந்தப் பச்சைக் கார் ஒரு திங்கள்கிழமை காலை, பரிசோதனைத் தட்டில் வந்தது. தகரத்தில் செய்த பொம்மைக் கார். ஒரு முழத்தில் பாதி நீளம். குண்டு முகப்பு, உப்பிய கூரை, அந்தக் கால அம்பாசடர் சாயல். சக்கரம் ஒன்றுகூட இல்லை.

"நாலும் போச்சு, சார். ஈயம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு அனுப்பிடலாமா?" என்றாள் ஷகீலா பானு. கருவியை இயக்குகிற டெக்னீஷியன் அவள்தான். நான் ஆணை போடுகிறவன், வேலை தெரிந்தவள் அவள்.

"போயிருந்தா அச்சு மாட்டுற துளையில தேஞ்சிருக்கணும்லம்மா? பாரு, விளிம்பு பிளேடு மாதிரி இருக்கு."

அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஆமா சார். இதுக்குச் சக்கரமே பூட்டல. ஒரு அடிகூட ஓடாத கார்."

ஓடாத கார் என்றதும் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. செய்து முடிக்காத பொம்மைக்குப் பெயின்ட் மட்டும் எதற்கு அடித்தார்கள்? கவிழ்த்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் தலைகீழாக ஒரு பெண்ணின் பின்னலும், 'கூந்தல் தை' என்ற எழுத்துகளும், ஓரத்தில் 'ஆகஸ்ட் 84' என்றும் அச்சாகியிருந்தன. அந்தக் காலத்துப் பொம்மைக் கம்பெனிகள், எண்ணெய் டப்பாவுக்கு அச்சடிக்கும்போது பிசகிப்போன தகரத்தை வாங்கிவந்து, அச்சு உள்ளே போகும்படி கார் செய்வார்கள். அந்த நாளில் குழந்தைகள் தரையில் உருட்டிய பாதி வண்டிகளுக்குள் கூந்தல் தைலமோ நெய்யோ இருந்தது. கூரையின் உள்ளே ஒரு புறா முத்திரை. ஆவணத்தில் தேடியதில், வியாசர்பாடியில் 1991 வரை இருந்த மணிப்புறா டாய் ஒர்க்ஸ் என்று கிடைத்தது.

தடத்துக்குள் வைத்தோம். முடிவுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பெயின்டில் ஈயம், எதிர்பார்த்ததுதான். முகப்பில் மூன்று அடிகள்.

"மூணா? ஒரே அடியிலதான அச்சு இறங்கும்?" என்றேன்.

"ஆமா. இதுல மொத அடி நச்சுனு இருக்கு. அடுத்த ரெண்டும் தள்ளி விழுந்திருக்கு. அதான் ரிஜெக்ட் ஆயிருக்கு, சார். இங்க பாருங்க, மெழுகுப் பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்காங்க. பெயின்ட் அடிச்ச பிறகுதான் யாரோ கவனிச்சிருக்காங்க. தூக்கி எறிஞ்சிட்டாங்க."

அடுத்த வரி இப்படி வந்தது: 'பெயின்டுக்குக் கீழ், கூரைப் பகுதியில், சிவப்பு வட்டம், மஞ்சள் விளிம்பு. தரக்கட்டுப்பாட்டு மை. நிச்சயம் தொண்ணூற்றொரு சதவீதம்.'

ஷகீலா வாய்விட்டுச் சிரித்தாள். "தரக்கட்டுப்பாடா! இதுக்குச் சொல்லிக்குடுத்தவங்க எந்த ஊரோ! சார், இது சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு டையில, அதான் தகரத்தை அடிக்கிற அச்சுல, வெச்ச பொட்டு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புதுப்பேட்டையில எங்க அத்தா லேத் பட்டறை வெச்சிருந்தாரு. வேலை செய்யுறவங்க எல்லாம் வருஷா வருஷம் பூஜை போடுவாங்க. அத்தாதான் பொரி, கடலை எல்லாம் வாங்கித் தருவாரு. மொத பொட்டலம் எனக்கு. மிஷினைக் கழுவித் துடைச்சு, டைக்கும் ஸ்பானருக்கும்கூடப் பொட்டு வெப்பாங்க."

"சரி, மறுநாள் விஜயதசமிக்கு மிஷினை ஓட்டும்போது மொத அடியில ஒட்டியிருக்கும்."

"காஞ்ச சந்தனம் உதிரும், சார். இது மடிப்புக்குள்ள வழிஞ்சு போயிருக்கு. ஈரமா இருக்கும்போதே அடிச்சிருக்காங்க. பொட்டு வெச்சு ஒரு மணி நேரம்கூட ஆயிருக்காது."

"பூஜை அன்னைக்கே ஓட்டுவாங்களா?"

"சான்ஸே இல்ல. ஒரு தடவை யாரோ அவசரம்னு ஷாஃப்டைத் தூக்கிட்டு வந்தாங்க. 'இன்னிக்கு லேத்தைத் தொடாதீங்க முதலாளி'ன்னு பட்டறையில வேலை செஞ்ச வேலு அண்ணன் குறுக்க வந்து நின்னுட்டாரு. அத்தாவும் தொடல. பூஜை போட்டா மறுநாள் வரைக்கும் அதுக்கு ரெஸ்ட்."

ஆக, 1984 ஆயுத பூஜை அன்று, எல்லா மிஷினும் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கிற நேரத்தில், மணிப்புறாவில் யாரோ ஒரு மிஷினை மட்டும் ஓட்டி இந்தக் காரை அடித்திருக்கிறார்கள். மூன்று முறை அடித்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று எனக்கு மண்டை குடைந்தது. கடைசியில் 'மடிப்பில் உயிர்ப்பொருள், உறுதியில்லை' என்று ஒரு வரியும் இருந்தது. குப்பையில் கிடந்த பொருளில் உயிர்ப்பொருள் இல்லாமல் இருக்குமா என்று அதை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் பட்டியலில் போட்டோம்.

ஒன்பதாம் நாள் ஒரு அம்மா வந்தார். அறுபத்தொன்பது வயது, நெடுநெடுவென்று உயரம், தோளில் கண்டக்டர் பை. வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"போட்டுக்கிட்டே வரலாம்மா," என்றேன்.

"மிஷினு கீற எடத்துல செருப்பு ஆவாது சார். எங்கப்பா சொன்னது." வெறுங்காலோடு உள்ளே வந்தார். "பச்ச காரு இங்கதான கீது?"

பெயர் பூங்காவனம். மாநகரப் பேருந்தில் இருபத்தேழு வருடம் கண்டக்டர். பேச்சிலேயே தெரிந்தது. நிற்கிற இடத்தில் நின்றபடி அறை முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, யார் யார் எங்கே என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"எங்கப்பா ஏகாம்பரம், மணிப்புறாவுல டை செட்டரு. மிஷின்ல அச்சு மாட்டி சரி பண்றவரு. அந்த வருஷம் ஆயுத பூஜ அன்னிக்கிதான் அவருக்கு கை போச்சு. வலது கை. நாலு வெரலு. கட்ட வெரலு மட்டும் மிஞ்சிச்சு."

நானும் ஷகீலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நஷ்ட ஈடு குடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? பூஜ முட்ச்சி எல்லாரும் பூட்டான், மிஷினே ஓடல, இவன் பித்தள திருட வந்தான், ஷட்டர ஒட்ச்சி தூக்க சொல்ல அது கை மேல வுழுந்துச்சின்னான். கேஸு போட்டான். மூணு மாசம் உள்ள இருந்தாரு. வெளிய வந்து ஐஸ் வண்டி தள்னாரு. தெருவுல அவரு பேரு டின்னு திருடன். எங்கூட படிச்ச பொண்ணுங்க டின்னு திருடன் பொண்ணுன்னுதான் கூப்டுவாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல சார். அதான் எனுக்கு ஆறல. ஜட்ஜு கேட்டதுக்கு 'நான்தான் போனேன், தப்பு என்னுது'ன்னு சொல்ட்டு வாய மூடிக்கினாரு. அம்மா அழுது பாத்துச்சு, சண்ட போட்டுப் பாத்துச்சு. வாயே தொறக்கல. செத்து பன்னண்டு வருஷம் ஆவுது. கோர்ட்டு தாள்ல இன்னும் திருடன்னுதான் கீது. உங்க மிஷினு சொன்னா அத அடிச்சிடலாமாமே, வக்கீல் சொன்னாரு. அது போனாப் போதும் எனுக்கு."

கோபம் எனக்குத்தான் முதலில் வந்தது. பட்டப்பகலில் மிஷின் ஓடியதற்குச் சாட்சியாக ஒரு கார் இருந்திருக்கிறது. அதற்குப் பச்சை பெயின்ட் அடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்களும் அன்னைக்குப் பூஜைக்குப் போயிருந்தீங்களாம்மா?" என்று ஷகீலா கேட்டாள்.

"நான் அம்மாவோட ஊட்லதான் இருந்தேன்னு அப்பா சொல்வாரு. ஆறு வயசு. எனுக்கு இன்னா நெனப்பு இருக்கப் போவுது?"

விண்ணப்பம் எழுதினோம். உறவினர் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு மட்டும் பரிசோதகர் பதில் தரவேண்டும். படிக்கும்போது வேறு எதுவும் தெரியவந்தால் அது முத்திரையிட்ட கோப்புக்குப் போகும், கேட்டால் மட்டும் திறக்கும். குடும்பங்களில் வெட்டுக்குத்து வந்த பிறகு சேர்த்த விதி அது. பூங்காவனம் யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினார்: 'அன்று அந்த மிஷின் ஓடியதா?'

"ஆழமாப் படிக்க நாலு மணி நேரம் ஆகும். கேன்டீன்ல இருங்க. திரும்பிப் போக வண்டி இருக்கா?"

"பஸ்ஸுதான். வண்டி ஓட்டக் கத்துக்கல. டிரைவர் போஸ்டுக்கு மாத்தித் தரேன்னாங்க, வேணான்ட்டேன். மிதியில கால வெச்சாலே ஒதறும். சின்ன வயசுல தையல் கிளாஸ்ல சேத்துவுட்டாங்க, மிஷின மிதிக்க சொன்னாங்க, மூணே நாள்ல ஓடியாந்துட்டேன்." சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன்.

தடம் மெதுவாகப் படித்தது. மிஷின் ஓடியது என்பதில் முதல் பத்து நிமிடத்திலேயே சந்தேகம் தீர்ந்துவிட்டது. நாங்கள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த மூன்று அடிதான் என்னை விடவில்லை.

"பவர் பிரஸ் சார் இது," என்றாள் ஷகீலா. "மோட்டார்ல ஒரு பெரிய சக்கரம் சுத்திட்டே இருக்கும். கீழ ஒரு மிதி. மிதிச்சா கிளட்ச் பிடிச்சு மேல இருக்கிற அச்சு ஒரு தடவ இறங்கி அடிக்கும். மிதிச்ச உடனே காலை எடுத்துடணும். எடுக்கலன்னா அடிச்சிட்டே இருக்கும்."

"அப்ப காலை எடுக்கல."

"எடுக்கல. மொத அடி சுத்தமா விழுந்திருக்கு. காரை எடுக்க அவரு கையை உள்ள விட்டிருக்காரு, ரெண்டாவது அடி இறங்கியிருக்கு. தகரம் கொஞ்சம் தூக்கியிருக்கு பாருங்க, நடுவுல மெத்துன்னு ஏதோ மாட்டியிருக்கு. மடிப்புல இருக்கிற உயிர்ப்பொருள் பூஞ்சை இல்ல சார். ரத்தம். துடைச்சிருக்காங்க, துடைச்சும் மடிப்புல நின்னுடுச்சு. அதுக்கு மேலயே பெயின்ட் அடிச்சு லைன்ல விட்டிருக்காங்க."

அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"டை செட்டர். அனுபவஸ்தன். கையை உள்ள வெச்சுக்கிட்டுத் தானே மிதியில நிப்பானா?"

"மாட்டாரு. மிதிச்சது வேற ஆள்." திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். முதல் அடி தொடங்குகிற இடத்தில் அது நடுங்கியிருந்தது. "பெரியவங்க கால் பட்டா கிளட்ச் டக்னு பிடிக்கும். இது பிடிச்சு, வழுக்கி, மறுபடி பிடிச்சிருக்கு. கனம் பத்தல. ரெண்டு காலையும் வெச்சு ஏறி நின்னிருக்காங்க."

கணக்கு வந்தது. பதினாறிலிருந்து பதினெட்டு கிலோ.

"குழந்தைத் தொழிலாளி!" நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "பாத்தியா அந்தக் கம்பெனி பண்ணின வேலையை! திருடன்னு சொன்னது எதுக்குன்னு இப்பத் தெரியுது. சின்னப் புள்ளைங்களை வெச்சு வேலை வாங்கியிருக்கான். இதை விடக்கூடாது ஷகீலா, இதைப் பெரிசா..."

நான் பேசிக்கொண்டே போனேன். ஷகீலா விண்ணப்பத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சார். பூஜைக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டு வருவாங்க. நானே போவேனே. பொரி வாங்க."

"அதுக்கு?"

"இந்த அம்மாவுக்கு வயசு அறுபத்தொன்பது."

உட்கார்ந்துவிட்டேன். கழித்துப் பார்க்கத் தேவையே இல்லை, அவரே சொல்லியிருந்தார். ஆறு வயது.

பிறகு எல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டு வந்தது. பூஜை முடிகிறது. எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்புகிறார்கள். பூட்டிவிட்டு வரச் சொல்லி ஏகாம்பரத்திடம் சாவி. மகள் கேட்கிறாள், கார் எப்படிப்பா வரும் என்று. மோட்டாரைப் போடுகிறார். அன்றைக்குத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியாதா? டையில் பொட்டு ஈரமாக இருக்கிறது. ஒரே ஒரு கார்தானே. ஏறி மிதிடா கண்ணு என்கிறார். வெறுங்காலோடு அவள் ஏறி நிற்கிறாள். முதல் அடி இறங்குகிறது, தகரம் காராகிறது. அவள் இறங்கவில்லை. ஆறு வயதில் யார் இறங்குவார்கள்?

மிஷின் ஓடியது என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், யார் மிதித்தது என்ற கேள்வி அடுத்து வந்திருக்கும். அது வரக்கூடாது என்று அவர் திருடனாகிவிட்டார். ஐம்பத்தொரு வருடம் அப்படியே இருந்து செத்தும் போனார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

"சொல்லணுமா சார்?" என்றாள் ஷகீலா.

"அவங்க கேட்டது மிஷின் ஓடிச்சான்னு. ஓடிச்சு. அதோட முடிஞ்சுது."

"கேட்டாங்கன்னா? கேட்டா சொல்லித்தான் ஆகணும், அதுதான் சட்டம். நீங்கதான் தினம் சொல்வீங்க, உண்மையைப் பாத்து எதுக்குப் பயப்படுறாங்கன்னு."

"அந்த மனுஷன் நாலு விரலையும் பேரையும் குடுத்து மறைச்சதை நான் ஒரு பட்டனைத் தட்டி வெளிய எடுக்கணுமா? முடியாதும்மா."

"அவங்க விஷயம் சார் அது. உங்க விஷயம் இல்ல."

ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்தேன். மீதியைக் கோப்பில் போட்டு முத்திரை வைத்தேன்.

பூங்காவனம் வந்தார். தாளைக் கண்ணருகே பிடித்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். '1984 ஆயுத பூஜை அன்று, பொட்டு காய்வதற்கு முன், பிரஸ் இயங்கியது. விபத்து பிரஸ்ஸில் நேர்ந்தது. ஷட்டரால் அல்ல.' இரண்டாவது முறை படித்தார். பிறகு தாளை மடிக்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"திருடன் இல்ல," என்றார்.

"இல்லைம்மா. எங்க வேணாலும் சொல்லுங்க. நான் வந்து சாட்சி சொல்றேன்."

அவர் தடத்தின் பக்கத்தில் இருந்த காரைப் பார்த்தார். இத்தனை நேரமும் அதை அவர் தொடவில்லை. "எங்க ஊட்ல பொம்ம காரே கெடையாது சார். என் பையன் அழுது பொரண்டாலும் அப்பா வாங்கித் தரமாட்டாரு." காரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "மிதிச்சது யாரு சார்?"

ஷகீலா என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"உங்க அப்பாவேதான்," என்றேன்.

"அவரே மிதிச்சி, அவரே கைய வுட்டாரா?"

"அவசரத்துல அப்படி ஆகும். அந்தக் காலத்து மிஷின்ல இதெல்லாம் சகஜம்மா. தனியாத்தான் இருந்திருக்கார்."

பூங்காவனம் என்னையே பார்த்தார். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்கிற ஆளை இருபத்தேழு வருடம் பார்த்த பார்வை அது. குனிந்து, ஒரு விரலால் காரின் முகப்பைத் தொட்டார். கோடு தள்ளிப்போயிருந்த இடத்தைத் தடவினார்.

"மொத அடி எப்டி வுழுந்துச்சு சார்?"

"மொத அடியா?" இதற்கு மட்டும் என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தது. "அருமையா விழுந்திருக்கும்மா. ஒரு மயிரிழைகூடப் பிசகல."

"நல்லா வந்துச்சு, இல்ல?" என்றார். கண்ணில் நீர் நின்றது, உதட்டில் சிரிப்பு இருந்தது. "எனுக்கு குடுத்துடுவீங்களா இத?"

"உங்களுக்குத்தான். கையெழுத்து மட்டும் போடணும்."

பொருள் ஒப்படைப்புப் படிவத்தை ஷகீலா எடுத்து வைத்தாள். அது பொதுப்பட்டியலில் போய் நிற்கிற தாள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொருள்: பொம்மைக் கார். ஊர்: வியாசர்பாடி. செய்தவர் பெயர் என்ற இடத்தில் 'ஏகாம்பரம்' என்று நானே நிரப்பி வைத்திருந்தேன். அவருக்கு அந்த மரியாதையாவது நம்மால் முடிந்தது என்று நினைத்துச் செய்தது.

பூங்காவனம் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போகாமல் மேலேயே தயங்கி நின்றார். பளிங்குத் தரையில் அவருடைய வெறுங்கால்களின் விரல்கள் மடங்கி ஊன்றியிருந்தன.

"இன்னா ஜில்லுனு இருந்துச்சு தெரியுமா அந்த மிதி," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு நிமிர்ந்து, "இதுல ஒரு பேரு வுட்டுப்போச்சு சார்," என்றார்.

அப்போது என் முகம் போன போக்கை ஷகீலா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் அந்தத் தாள்தான் எனக்குத் தெரிந்தது. ஏகாம்பரம் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, அவர் பொறுமையாக எழுதினார்: 'பூங்காவனம், வயது ஆறு.'